இரண்டாவது ஜாடி

துணியை விலக்கியதும் ஒரு விளக்குதான் எரிந்திருக்க வேண்டும். இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

அரங்கம் கைதட்டியது.

அறிவியல் சங்கத்தின் உயிர்மின்வேதியியல் பிரிவுச் செயலாளர் மட்டும் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

சற்று முன்புதான் ஆண்டறிக்கையை வாசித்து முடித்திருந்தார். கருத்தரங்குகள், ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம், சிறந்த ஆய்வு மாணவிக்கு ஒரு கேடயம். அடுத்த ஆண்டுக்கும் அவரே செயலாளர் என்று போட்டியில்லாமல் முடிவானது. வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதுதான் காரணம். சங்கத்தின் மற்ற பிரிவுக்காரர்கள் இந்தக் கூட்டத்துக்கு வருவதே கடைசியில் காட்டப்படும் ஜாடிகளுக்காகத்தான்.

வருடா வருடம் இதே காட்சி. மேசைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகள். இரண்டிலும் கரித்தகடுகள். தகடுகளின் மேல், சேற்றில் வளர்த்த நுண்ணுயிர்கள் பாசிபோலப் படிந்திருக்கும். அவற்றுக்கு அழுக்குதான் சோறு. தின்றால் மின்சாரம் தரும். தின்னக் கிடைக்காவிட்டால் சும்மா கிடக்கும்.

சாக்கடை நீர் ஊற்றிய முதல் ஜாடியின் தலையில் கடுகளவு விளக்கு எரியும். நல்ல தண்ணீர் ஊற்றிய இரண்டாவது ஜாடி இருண்டே இருக்கும். முந்தின நாள் மாலையே நிரப்பி, துணி போட்டு மூடிவிட்டுப் போவார்.

துணியை எடுக்குமுன் அவர் சொல்லும் வேடிக்கையும் வருடா வருடம் அதேதான்.

"இந்த ரெண்டாவது ஜாடித் தண்ணியில கிருமிகூட பட்டினி கிடக்கும்ங்க."

இன்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குத்தான் மனசு இங்கே இல்லை.

வீட்டில் ஒன்றரை வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. காலையில் கண் குழி விழுந்து, வாடிய கீரைத்தண்டாய் அம்மாவின் தோளில் கிடந்தாள். இன்றைக்குப் போய்த்தான் ஆகவேண்டுமா என்று மனைவி வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் செருப்பை மாட்டும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையே வாசலில் நின்று இவரும் ஒருமுறை சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கைப்பேசியைச் சட்டைப்பையில், நெஞ்சோடு வைத்திருந்தார்.

"என்ன சாக்கடையாரே, ரெண்டாவது ஜாடிக்கும் பிரமோஷன் குடுத்துட்டீங்களா?"

முன்வரிசையிலிருந்து பேட்டரிப் பிரிவின் தலைவர். சேற்றோடு புழங்குகிறவருக்கு அவர் வைத்த செல்லப்பெயர் அது.

செயலாளர் சிரித்து வைத்தார். பிறகு குனிந்து பார்த்தார்.

கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ? இல்லை. ஜாடிகள் இடம் மாறிவிட்டனவோ? முதலாவது கலங்கல், இரண்டாவது தெளிவு. மாறவில்லை. தகட்டில் பழைய அழுக்கு ஏதாவது ஒட்டியிருந்ததோ? அவர் கையாலேயே அலசி, நாள்கணக்கில் பட்டினி போட்ட தகடு.

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

தண்ணீர்.

அது பளிங்குபோல் இருந்தது. அதன் வழியே முன்வரிசை முகங்கள் கொஞ்சம் வீங்கித் தெரிந்தன.

யாருக்கு முதலில் உறைத்தது என்று சொல்ல முடியாது. கைதட்டல் ஒரு மூலையில் நின்றது. பிறகு எல்லா மூலைகளிலும். கேடயம் வாங்கிய மாணவி, உதடுவரை கொண்டுபோன தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்தவர் தன் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். படித்தவர்கள் நிறைந்த அரங்கம். யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேட்டரிக்காரரின் குரலில் கேலி வடிந்திருந்தது.

"யோவ், காலையிலேர்ந்து நாங்க குடிக்கிற தண்ணியாய்யா அது?"

"சேச்சே, பயப்படாதீங்க சார்!" செயலாளர் அவசரமாகக் கையை ஆட்டினார். "இங்க குழாய்ல குளோரின் வரும். அது பட்டா தகட்டுல இருக்கிற கிருமி செத்துடும், ஜாடியே வேலை செய்யாது. நான் எப்பவும் எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியத்தான் கொண்டுவருவேன்."

அரங்கம் மூச்சு விட்டது. சிரிப்பு திரும்பி வந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. மாணவி தம்ளரை எடுத்து மிச்சத்தையும் குடித்தாள்.

ஆட்டிய செயலாளரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

கிணற்றை ஒட்டிய மதில் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து மனையில் கழிப்பறைக்குப் புதிதாகத் தோண்டிய குழி ஞாபகம் வந்தது. சுவரேறி எட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகலாமே என்று யோசனை சொன்னதும் அவர்தான்.

நெஞ்சருகே கைப்பேசி அதிர்ந்தது.

மனைவி.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். பக்கத்தில் குழந்தை தூங்கும்போது பேசுகிற தணிந்த குரல்.

"பதறாம கூட்டத்த முடிச்சுட்டே வாங்க. நீங்க சொன்ன மாதிரி விடாம தண்ணி குடுத்துட்டுதான் இருக்கேன். காய்ச்சிக் குடுக்கலாமான்னு நினைச்சேன்... நீங்கதான் எப்பவும் சொல்வீங்களே, நம்ம தண்ணியில கிருமிகூட பட்டினி கிடக்கும்னு."

கொஞ்சம் நிறுத்தினாள். குழந்தையைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"பாருங்க, இப்ப அழுகைகூட நின்னுடுச்சு."