ஆறாவது பெட்டி

சாவதற்கு முன் பெனிட்டா தன் குரலை ஆறு சிறு பெட்டிகளில் பதிந்து, ஆறு ஊர்களில் ஒளித்துவைக்க ஒரு நிறுவனத்திடம் ஏற்பாடு செய்திருந்தாள். அவளும் கணவரும் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாதவர்கள் ஒளித்துவைத்த பெட்டிகளை விளையாட்டாகத் தேடிய தம்பதி. இந்தப் பெட்டிகள் திறந்ததும் ஒரே ஒருமுறைதான் பேசும்.

கணவர் ஞானமுத்து ஐந்தை முதல் வருடமே திறந்துவிட்டார். போபாலில் சிரித்தாள். மைசூரில், "மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

ஆறாவது, தூத்துக்குடியில் ஒரு பாலத்தின் தூணிடுக்கில் இருந்தது. அதையும் திறந்துவிட்டால் அப்புறம் அவள் இல்லை. திறக்காமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பெட்டிகளின் இடம் காட்டும் நிறுவனத்தின் செயலியில் 'கிடைக்கவில்லை' என்று பதிந்தார். அடுத்த இரண்டு வருடங்களும் அப்படியே செய்தார்.

நான்காம் வருடம், இனிப் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதையும் மீறி வந்து பெட்டியைத் திறந்தார். சத்தமே இல்லை. நிறுவனத்துக்குப் போன் செய்தார்.

"மூணு தடவை கிடைக்கலன்னு நீங்கதானே சார் போட்டீங்க? தொலைஞ்சிடுச்சுன்னு நினைச்சு, போன மாசம்தான் இங்கிருந்தே குரலை அழிச்சோம். வேற யாரும் கேட்டுடக் கூடாதில்ல?" என்றாள் அங்கிருந்த பெண்.

பெட்டியை மூடி இடுக்கில் வைத்தார். செயலியில் மறுபடியும் 'கிடைக்கவில்லை' என்று பதிந்தார். இந்த முறை அது பொய்யில்லை.