எக்ஸ்ரேக்கு முன் ஒரு கேள்வி

"மாசமா இருக்கீங்களா?"

எக்ஸ்ரே கருவியைக் கன்னத்தருகே இழுத்தபடி பல் டாக்டர் ஸ்வாதி கேட்டார். நாற்காலியில் சாய்ந்திருந்த கீர்த்தனா வாயைத் திறப்பதற்குள் மாமியார் விஜயகுமாரியின் குரல் மூலையிலிருந்து வந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. நீ வேலயப் பாரு."

கீர்த்தனா மேலே எரிந்த விளக்கையே பார்த்தாள்.

முன்பு இரண்டு முறையும் தெரிந்த அன்றே எல்லோருக்கும் சொல்லியாயிற்று. இரண்டும் தங்கவில்லை. 'இனிமே மூணு மாசம் முடியாம வாயத் தொறக்காத' என்றது இதே அத்தைதான். இந்த முறை கணவன் விஷாலுக்குக்கூட அவள் சொல்லவில்லை.

"எக்ஸ்ரே வேணாம் மேடம். பயமா இருக்கு."

"வேர் எவ்ளோ நீளம்னு தெரியணும்ல? மரத்துப்போக ஊசி போட்டு, நரம்ப எடுத்து, சுத்தம் பண்ணி மருந்து வைப்பேன். அடுத்த வாரம் அடைச்சிட்டு, அப்புறம் பல்லு மேல கேப் மாட்டிடலாம். ஊசி குத்துறதுதான் கொஞ்சம் வலிக்கும்."

"வலிக்கு இல்ல மேடம்..."

"பின்ன இன்னாத்துக்கு? சிறுசேரில அம்மாம் பெரிய ஆபீசுல வேல பாக்குது, ஒரு போட்டோவுக்கு நடுங்குது!" விஜயகுமாரி எழுந்தாள். "ராவெல்லாம் கன்னத்தப் புடிச்சிகினு ஒக்காந்துகினு கீது. மாத்திரயும் போடாது. இவளால ரெண்டு வாரமா வூட்ல மீன் வறுக்கல. ஒரே பேஜாரு. நான் வெளிய கீறேன்."

கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்து டாக்டரை அழைத்தாள்.

கீர்த்தனா தனியாகக் கிடந்தாள். சன்னல் வழியே செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் வந்தது. சொன்னால் இதுவும் போய்விடுமோ? சொல்லாவிட்டால்? கை தானாக வயிற்றின் மேல் போனது.

டாக்டர் திரும்பி வந்தார்.

"மேடம், நான் வந்து..."

"சொல்லாதீங்க." ஸ்வாதி எக்ஸ்ரே கருவியைத் தள்ளிவிட்டார். "படம் வேணாம். நீளத்த இந்தச் சின்ன மெஷின்லயே அளந்துக்கலாம். ஊசி, மாத்திரை எல்லாம் உங்களுக்கு ஒத்துக்கறதுதான் தருவேன்."

"எப்படி மேடம்...?"

"உங்க அத்தைதான். 'உள்ள பொய் சொல்ட்டேன், மாசமாதான் கீறா. அவ வாயால சொல்லக் கூடாதுன்னுதான் முந்திக்கினேன். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்'னாங்க. காட்டிக்காதீங்க."

பல் பிழைத்தது. மூன்று மாதம் முடிந்த அன்று கீர்த்தனா சொன்னபோது, விஜயகுமாரி அப்போதுதான் கேட்பவளைப் போல வாயைப் பிளந்தாள். பிறகு, குமட்டல் நின்றுவிட்ட மருமகளுக்காக அடுப்பை மூட்டி மீன் வறுத்தாள்.