ஷாம்பு ஊறும் நேரம்

தலை நிறைய நுரையோடு அப்பா குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே வாசற்படியில் சம்மணம் போட்டு, மருமகள் டிவி சீரியல் கதையை அளந்துகொண்டிருந்தாள்.

பெட்டியோடு வந்து நின்ற மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கை நடுங்குற மனுஷனை ஈரத்துல உட்கார வெச்சிட்டு உனக்குக் கதை கேக்குதா?"

"வாங்க அண்ணி. கொஞ்சம் பொறுங்க, அஞ்சு நிமிஷம் ஊறணும்."

"முகமெல்லாம் எண்ணெய் வழியுது. புருவத்துல செதில் செதிலா உதிருது. ஒழுங்கா குளிப்பாட்டினா இப்படி ஆகுமா? வீடியோ காலிலேயே பார்த்தேன். அதான் கையோட கூட்டிட்டுப் போக வந்துட்டேன்."

மருமகள் அசரவில்லை.

"அழுக்கு இல்ல அண்ணி. பார்க்கின்சன் வந்தவங்களுக்குத் தோல்ல எண்ணெய் அதிகமாச் சுரக்குமாம். இது டாக்டர் குடுத்த ஷாம்பு. போட்ட உடனே கழுவிட்டா பிரயோஜனமே இல்ல."

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார்.

"பார்த்தீங்களா? வழுக்கி விழுந்தா என்ன ஆகிறது? அவரை உட்கார வைக்கத்தான் இந்தக் கதை." அவரிடம் திரும்பினாள். "உட்காருங்க மாமா. எட்டு மணி சீரியல்ல ஊமைன்னு நினைச்ச சமையல்காரி இருக்காளே, கல்யாண மேடையில நேத்து வாயைத் திறந்துட்டா."

அப்பா பொத்தென்று உட்கார்ந்தார்.

மகள் முழித்தாள். அந்த சீரியலை அவளும்தான் ஒருநாள் விடாமல் பார்க்கிறாள். "அதுல சமையல்காரியே கிடையாதே?"

மருமகள் அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் காதைக் கடித்தாள். "காட்டிக் குடுத்துடாதீங்க. வேலைக்குப் போய்ட்டு வந்து பிள்ளையைத் தூங்க வைக்கவே எனக்குச் சரியா இருக்கு. சீரியல் எங்க பார்க்கிறது? எல்லாம் என் சொந்தச் சரக்கு."

மருமகள் அவர் தலையைக் கழுவிவிட்டுத் துண்டு எடுக்கப் போனாள்.

மகளின் குரல் இறங்கியிருந்தது. "என்கூட வர்றீங்களாப்பா?"

அப்பாவின் முகத்தில் அசைவே இல்லை. நோய் அப்படி. குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"அவ வேலைக்குப் போனதும் அந்த சீரியலை மறுஒளிபரப்புல தினம் பார்க்கிறேன்மா. சகிக்கலை. இவ கதைதான் ஜோர்."

"அப்போ அவ இட்டுக்கட்டுறது உங்களுக்குத் தெரியுமா?"

"ஷ்... சத்தம் போடாதே. நான் சும்மா உட்கார்ந்தா கதையை நிறுத்திடுவா. நுரை போட்டதும் எழுந்திருக்கிற மாதிரி நான் எதுக்கு நடிக்கிறேன்னு நினைச்சே?"