மனைவி வேஷம்

சாவுச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று பயிற்சி டாக்டர்களுக்கு அன்று தேர்வு. மருத்துவக் கல்லூரியின் உளவியலாளர் வேணி மேடமே இறந்தவரின் மனைவியாக நடித்தார். ராஜதுரையின் முறை வந்தது.

"உக்காருங்கம்மா. செந்துறை ரோட்டுல லாரி மோதிடுச்சு. எங்களால முடிஞ்சதெல்லாம் பார்த்தோம். உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாருங்க."

அழுதால் கொடுக்கத் தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தான்.

வேணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வண்டிச் சாவி எங்க?"

பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். ராஜதுரைக்கு எரிச்சலாக வந்தது.

"மேடம், புருஷன் செத்துட்டாருன்னா யாராவது சாவியைக் கேப்பாங்களா? கொஞ்சம் அழுவுங்க. அப்பத்தானே நான் ஆறுதல் சொல்ல முடியும்?"

"அழாதவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

அவன் எடுத்து வைத்திருந்த தண்ணீரை ஓரமாக நகர்த்தினான்.

அப்போது அவசரப் பிரிவு நர்ஸ் உண்ணாமலை தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"போன மாசம் கேட்டுக்கிட்டே இருந்தீங்களே மேடம், உங்க வூட்டுக்காரர் வண்டிச் சாவி. இப்பத்தான் அவரைக் கெடத்தியிருந்த கட்டிலுக்கு அடியில கெடைச்சுது."

வேணி சாவியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க, ராஜதுரை."