சோடிய அயனி

மூத்த மகள் யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலங்கள் நகர மறுத்தன. வேதியியல் ஆசிரியை சுகந்தி, பள்ளிக் கண்காட்சிக்காகத் தெர்மாகோல் உருண்டைகளுக்குப் பசை கலந்த வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். எதிரே கணவர் வேலாயுதம். கதவோரம் இளையவள். அவளுக்குக் கோவையில் கல்லூரி இடம் கிடைத்திருக்கிறது. விடுதிக்கு அனுப்ப அப்பா சம்மதிக்க வேண்டும்.

“இது?” என்று பெரிய உருண்டையைக் காட்டினார்.

“சோடியம்.”

“இந்தக் குட்டி?”

“அதுவும் சோடியம்தாங்க. ஒரு எலக்ட்ரான் போயிடுச்சு.”

“ஒண்ணு போனதுக்கா இப்படிச் சுருங்கும்?”

“வெளிக்கூட்டுல இருந்தது அது ஒண்ணுதான். அது போனதும், மிச்சம் இருக்கறதையெல்லாம் நடுவுல இருக்கற கரு இறுக்கிப் பிடிச்சுக்கும்.”

சுகந்தி பாடத்தைத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் வெகுநேரம் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சிறிய உருண்டையை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

“திங்கக்கிழமை கடைசி நாள்ப்பா,” என்றாள் இளையவள்.

அவர் விரல்களைப் பிரித்துக் கையை மெல்லக் கவிழ்த்தார். ஈரம் காயாததால் உருண்டை ஒட்டிக்கொண்டு தொங்கியது. அவர் கையை உதறவில்லை, மறுபடி மூடவுமில்லை.