நாலாவது தட்டு

மூன்று இரும்புத் தட்டுகள் வரிசையாகச் சாய்ந்தன. நாலாவதைக் குறிபார்த்து வெர்லின் விசையை அழுத்தினார். 'டமார்' கேட்க வேண்டிய இடத்தில் 'டிக்' என்று மட்டும் கேட்டது.

துப்பாக்கியின் மேல்பாகத்தை இழுத்துவிட்டார். வெடிக்காத தோட்டா துள்ளிப் போய்ச் சரளையில் விழுந்தது. மீதித் தட்டுகளை வீழ்த்துவதற்குள் மூன்று வினாடி போய்விட்டது. அதோடு கிளப்பின் கோப்பையும் போய்விட்டது.

"பார்த்தியா ஹோபர்ட்? உன் கண்ணாலயே பார்த்துக்கிட்டியா?" துப்பாக்கியைக் காலி செய்து பெஞ்சில் வைத்தார் வெர்லின்.

நேரம் பார்க்கும் கருவியோடு நின்ற ஹோபர்ட்தான் அந்தச் சுடுகளத்துக்குப் பொறுப்பு. ஊரில் துப்பாக்கிக்கு வைத்தியம் பார்ப்பவரும் அவரே. "பார்த்தேன்யா. ஆனா போன வாரம் இதே துப்பாக்கியில நான் நூறு தோட்டா சுட்டேன். ஒண்ணாவது நின்னுதா?"

"அப்ப என் கையில கோளாறுங்கிற?"

ஹோபர்ட் அவசரமாகக் கையிலிருந்த கருவியைப் பார்த்துக்கொண்டார். கயிறு வீசி மாடு பிடிக்கும் பந்தயத்தில் வெர்லினின் வலது கட்டைவிரல் பாதி போய்விட்டது. அந்த விரலைப் பற்றி யாராவது பேசினால் ஆறு மாதம் முகம் கொடுக்க மாட்டார். ஓக்லஹோமாவில் அந்த மூலையில் எல்லாருக்கும் இது தெரியும்.

கையடக்கமான துப்பாக்கிதான். ஆனால் பிடிக்குள் செருகும் மேகசினில் தோட்டா இரண்டு வரிசையாக நிற்பதால் பதினைந்து பிடிக்கும். மார்ச்சில் வாங்கியது. அன்றிலிருந்து வெர்லின் அதை இடுப்பை விட்டு இறக்கியதே இல்லை. அது வந்த பெட்டி பெஞ்சில் இருந்தது; அதன் கைப்பிடியில் ஊதா நாடாகூட இன்னும் அவிழ்க்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

வாங்கிய மூன்றாம் வாரமே 'டிக்' ஆரம்பித்துவிட்டது. கம்பெனிக்கு அனுப்பினார். கோளாறு ஏதும் இல்லை என்று திரும்பி வந்தது. இதே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அனுபவம் எழுதும் இணையப் பக்கத்தில் போய்ப் புலம்பினார். ஐயாயிரம் சுட்டும் தும்மவில்லை என்று நாற்பது பேர் சத்தியம் செய்தார்கள். கைப்பிடி தளர்ந்தவர்கள் மீன் பிடிக்கப் போகலாம் என்று ஒருவன் எழுதினான். மனிதருக்கு அதுதான் ஆறவே இல்லை.

"தோட்டா சரியில்லையோ என்னவோ" என்று இழுத்தார் ஹோபர்ட்.

"லூவான் செஞ்ச தோட்டாவா? நல்லா சொன்ன போ. இருபது வருஷமா என் பழைய துப்பாக்கியில அதைத்தான் சுடறேன். ஒண்ணு, ஒரே ஒண்ணு பொய்ச்சதில்ல."

பெயர் அடிபட்ட லூவான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த மேகசினை நிரப்பிக்கொண்டிருந்தாள். அந்த மேகசினில் கடைசி நாலு தோட்டாவைத் தள்ளுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அரை விரல்காரருக்கு ஆகிற காரியமா? அதனால் நிரப்புவது எப்போதும் மனைவிதான். சுட்டு முடித்ததும் கீழே கிடக்கிற வெற்றுத் தோட்டாக் கூடுகளை ஒன்று விடாமல் காபி டப்பாவில் பொறுக்கிக்கொண்டு போவாள். வீட்டுக் கொட்டகையில் மருந்து போட்டு மறுபடி தோட்டா ஆக்குவாள்.

"போதும்ப்பா. இதுக்கும் எனக்கும் ராசியில்ல" என்றார் வெர்லின். "ஹோபர்ட், நூறு டாலர் குடுத்துட்டு நீ எடுத்துக்கோ."

லூவானின் கை நின்றது. "அடப் பாவமே, அவர் தலையில ஏன் கட்டற? அவர் இதை யாருக்காவது வித்து, அவன் உயிருக்கு ஆபத்துன்னு எடுக்கற நேரத்துல 'டிக்'குன்னா? நமக்கெதுக்கு அந்தப் பாவம். வீட்டுலயே ஒரு மூலையில கிடக்கட்டும்."

"வீட்டுல இருந்தா என் கண்ணுல படும். பட்டா வயிறு எரியும்."

"என்கிட்ட இருக்கட்டும். நான் சும்மா காகிதத்தைச் சுடறவ. நின்னா நின்னுட்டுப் போகுது."

வெர்லின் யோசித்தார். யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்காது. "சரி, நீயே வச்சுக்கோ. இனிமே நான் தொட மாட்டேன்."

"ஹோபர்ட் முன்னால சொல்லு."

"ஹோபர்ட், நீதான் சாட்சி. இந்தச் சனியன் இன்னையிலேருந்து லூவானோடது." பழைய துப்பாக்கியை எடுத்து வர வண்டியை நோக்கி நடந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

லூவான் காபி டப்பாவோடு குனிந்தாள். அதற்குள் ஹோபர்ட்டின் பூட்ஸ் அருகே கிடந்த வெடிக்காத தோட்டா அவர் கைக்குப் போய்விட்டது.

"அதை இதுல போட்டுடுங்க" என்று டப்பாவை நீட்டினாள்.

ஹோபர்ட் போடவில்லை. தோட்டாவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கியின் ஊசி இன்றைக்குக் குத்தியது ஒரே முறை. தடம் இரண்டு இருந்தது. காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே மருந்து சலசலக்கவில்லை.

"ஏம்மா லூவான்." வண்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஏற்கெனவே வெடிச்ச கூட்டுல, மருந்தே போடாம, குண்டை மட்டும் செருகி வச்சிருக்க. இத்தனை நாளா இதைத்தான் ஒண்ணொண்ணா அவன் மேகசின்ல சேர்த்துக்கிட்டிருந்தியா?"

லூவான் தோட்டாவை அவர் விரலிலிருந்து உருவி டப்பாவில் போட்டாள். பெட்டியின் கைப்பிடியில் தொங்கிய ஊதா நாடாவை நிதானமாக அவிழ்த்தாள்.

"மார்ச்சுல என் பிறந்தநாளுக்குன்னு எனக்கு வாங்கிக் குடுத்தது, ஹோபர்ட்."