ஐந்தாவது நாற்காலி

"அழி. என் கண்ணு முன்னாடி அழி."

மபியாலா அந்த ஆளின் சட்டைக் காலரை விடவில்லை. பீர்க்கடை முற்றத்தில் ஆட்டம் நின்றுபோயிருந்தது. பிடிபட்டவன் பக்கத்துத் தெருக் குழுவில் கிதார் வாசிப்பவன். மபியாலா வாசித்ததைத் திருட்டுத்தனமாகப் போனில் பதிவு செய்திருக்கிறான்.

"அண்ணே, கத்துக்கலாம்னுதான்..."

"கத்துக்கணும்னா வந்து கேளு. என் பர்ஸைத் திருடு, மன்னிச்சிடறேன். ஒருத்தன் விரலைத் திருடாதே."

கூட்டம் கைதட்டியது. வாசிப்பவன் பெயரைக் கூவி ஆட்டத்தைச் சூடேற்றுவது ஷிகுவின் வேலை. அவன் உடனே மைக்கில், "மபியாலா... மபியாலா..." என்று ஏற்றிவிட்டான்.

இரண்டாம் கிதாரோடு உட்கார்ந்திருந்த இலுங்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. கின்ஷாசாவில் இப்படி ஒரு மனுஷனோடு வாசிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பெருமை அன்று கடை மூடும் வரைக்கும்தான்.

"முற்றத்துல இன்னும் ஆறு மேஜை போடறேன்" என்றார் முதலாளி. "மேடை பாதியாயிடும். அடுத்த மாசத்துலேருந்து நாலு பேர் வாங்க, போதும்."

குழுவில் ஐந்து பேர். யார் விலக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தரும் இலுங்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மபியாலாதான் தோளில் கை போட்டான்.

"இடத்தை அடைக்கிறது நீயாடா? கிதார் சத்தத்தைப் பெருக்கற அந்த ரெண்டு ஆம்ப். ஒவ்வொண்ணும் ஆட்டுக்கொட்டகை மாதிரி. என்கிட்ட டிஜிட்டல் பெட்டி ஒண்ணு இருக்கு, ரொட்டி அளவுதான். பத்து ஆம்ப்போட குரல் அதுக்குள்ள அடங்கும். ரெண்டு கிதாரையும் அதுல சொருகி நேரா ஸ்பீக்கருக்கு அனுப்பிடலாம். ஆம்ப் நின்ன இடத்துல உன் நாற்காலி. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

பெட்டியைப் பதிக்கப் பலகை வேண்டும். இலுங்கா தன் கட்டிலிலிருந்தே ஒன்றை உருவினான்.

"அந்த ஓட்டை வழியா நான் கீழே விழறதுக்கா?" என்றாள் அவன் மனைவி முஜிங்கா.

"மேடையிலேருந்து நான் விழாம இருக்கணும்னா, நீ கொஞ்சம் தள்ளிப் படு."

பலகையை அளவாக அறுத்தான். வழுக்காமல் இருக்கப் பழைய செருப்பைக் கீற்றாக வெட்டி அடியில் ஒட்டினான். மேலே பெட்டி, காலால் அமுக்க மூன்று சுவிட்ச், இழுத்துக் கட்டிய வயர்கள். எல்லாம் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கியது.

"முதல் சுவிட்ச் உங்களுக்கு, ரெண்டாவது எனக்கு. மூணாவது எதுக்குண்ணே?"

"சரிபார்க்கறதுக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் உன் பங்கை முழுசா வாசி. பெட்டிக்கு உன் கை பழகணும்."

"பழக்கறதுக்கு இது என்ன நாய்க்குட்டியா?"

"வாசிடா."

நாலு நாள், பதினாறு பாட்டு. ஒரு இடம் பிசகினாலும் மபியாலா விடவில்லை, மறுபடி, மறுபடி. கடைசிப் பாட்டுக்கு வரும்போது இலுங்காவின் விரல் நுனி கிழிந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் கை கம்பி மாறத் தயங்கியது.

"பரவாயில்ல, இருக்கட்டும்" என்றான் மபியாலா.

'என் ஒருத்தன் இடத்துக்காக இந்தப் பாடு படுகிறாரே' என்று இலுங்காவுக்குக் கண் கலங்கியது.

புது மேடையின் முதல் ஞாயிறு. காலையில் மபியாலா போன் செய்தான்.

"இன்னிக்கு நிகழ்ச்சி இல்லடா. முதலாளியோட மாமனார் போயிட்டார்."

சாவு வீட்டுக்குப் போகாமல் இருப்பது மரியாதையா? முதலாளியின் வீடு கடைக்குப் பின்புறம்தான். இலுங்கா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பிற்பகலில் துக்கம் விசாரிக்கக் கிளம்பினான்.

கடை வாசல் அடைத்து மோட்டார் சைக்கிள்கள். ஆட்டுக்கறி சுடும் புகை. உள்ளே ஆட்டம்.

வாசலில் நின்ற ஆள் புதியவன். "டிக்கெட்?"

இலுங்கா அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

மேடையில் நாலு பேர். சொன்ன சொல் தப்பாமல் ஐந்தாவது நாற்காலியும் இருந்தது. அதன் முதுகில், கசங்காமல், மபியாலாவின் பாரிஸ் கோட்டு.

மபியாலாவின் கால் மூன்றாவது சுவிட்சை அமுக்கியது. ஸ்பீக்கரிலிருந்து இரண்டாம் கிதார் புறப்பட்டது. அந்த ஒரு இடத்தில் கொஞ்சம் தயங்கி, மறுபடி ஓடியது.

ஷிகுவுக்குப் பழக்கதோஷம். மைக்கில், "இலுங்கா... இலுங்கா..." என்று ஏற்றினான். ஜனங்கள் கோட்டைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

முஜிங்காவிடம் சொன்னால் நம்பமாட்டாள். இலுங்கா போனை எடுத்து மேடைப் பக்கம் நீட்டினான்.

வாசல்காரன் உள்ளங்கையால் அதை மறைத்தான்.

"போனை உள்ளே வைப்பா. இங்க பதிவு பண்ணக் கூடாதுன்னு மபியாலா அண்ணன் கண்டிப்பாச் சொல்லியிருக்கார். அடுத்தவன் விரலைத் திருடறது பாவமாம்."